முடியாத பிரெஞ்சுப் பாட்டு

வாரத்தில் ஆறு நாள் நான் கம்பெனிக்கு அடிமை. வெள்ளிக்கிழமை மட்டும் மகாராஜா. குவைத்தில், ஃபஹாஹீலில் இருக்கும் ரெண்டு ரூம் ஃபிளாட்தான் அரண்மனை, சோபாதான் சிம்மாசனம். இதை என் மனைவி பானுப்பிரியா மட்டும் ஒப்புக்கொள்வதே இல்லை. வெள்ளி வந்தால் போதும், ஏசி ஃபில்டரைக் கழுவு, ஜன்னல் திரையை இறக்கு, பாத்ரூமைத் தேய் என்று ஆரம்பித்துவிடுவாள்.

போன வெள்ளி முடிவு கட்டினேன். உயிரே போனாலும் எழுந்திருப்பதில்லை!

ஆயுதம் தயாராக இருந்தது. சைட்டில் என்னோடு வேலை பார்க்கும் லெபனான்காரர் ஒரு பாட்டு அனுப்பியிருந்தார். யாரோ பிரெஞ்சுப் பாடகி. அந்தம்மாவின் பழைய ஹிட்டுகளையெல்லாம் துண்டு துண்டாக வெட்டி, டிஸ்கோ தாளத்தில் கோத்து, ஒரே நீளப் பாட்டாக்கியிருந்தார்கள். எதிர்ச் சுவர் அலமாரியில் போனைச் சார்ஜில் போட்டு, பக்கத்து ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டு, சோபாவில் சாய்ந்தேன். டும் டும் டும்! ஜன்னல் கண்ணாடியே ஆடியது.

பானு கரண்டியோடு வந்தாள்.

"என்னங்க இது, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள இன்னொண்ணு வருது?"

"இது மெட்லி. உனக்குப் புரியாது."

"நல்லாப் புரியுது. எல்லாமே அரைகுறை. நீங்க செய்ற வீட்டு வேலை மாதிரி."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இந்தா பாரு! இந்தப் பாட்டு முடியற வரைக்கும் சோபாவை விட்டு எந்திரிக்க மாட்டேன். இது சத்தியம்!"

"முடிஞ்சதும்?"

"நீ என்ன சொன்னாலும் செய்றேன். போதுமா?"

"போதும்" என்று உள்ளே போய்விட்டாள். நான் மீசைக்குள் சிரித்துக்கொண்டேன். போனில் ரிப்பீட் போட்டிருந்தேனே! பாட்டு முடிந்தால்தானே வேலை?

இரண்டாவது சுற்று தொடங்கியதும் பானு எட்டிப் பார்த்தாள். கத்தவில்லை. சிரித்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மூன்றாவது சுற்றில் எதிர் ஃபிளாட் ஃபஸ்னா வந்தாள். கீழக்கரைக்காரி. கையில் ஒரு சட்டி மட்டன் பிரியாணி. மூடியைத் திறந்ததும் வாசனை நேராக என் மூக்கில் ஏறி உட்கார்ந்தது.

"அண்ணே, சூட்டோட சாப்பிட வாங்க!"

"அவர் வரமாட்டார் ஃபஸ்னா. பாட்டு முடியற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கார்."

"மாஷா அல்லாஹ்! என்ன வைராக்கியம்ணே உங்களுக்கு!"

"ஒரு தட்டுல போட்டு இங்க குடேன் பானு."

"சோபாவுல நெய் சிந்தும். சாப்பாடு மேசையிலதான்."

ரெண்டு பேரும் என் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் அசரவில்லை. பசியாவது ஒண்ணாவது, மானம்தான் பெரிசு! பிரெஞ்சுக்காரி நாலாவது தடவை பாட ஆரம்பித்தாள். ஃபஸ்னா நல்லி எலும்பை உறிஞ்சினாள். சட்டியின் அடி தெரிந்தது.

"பானு! அந்தச் சனியனை நிறுத்துடி!"

"நிறுத்தினா முடிஞ்ச மாதிரி. ஃபில்டர், திரை, பாத்ரூம். சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்!"

பாட்டு நின்றது. மேசைக்குப் பாய்ந்தேன். தட்டுக்குப் பதில் என் கைக்கு ஒரு வாளி வந்தது.

"முதல்ல வேலை. உங்க பங்கைத் தனியா எடுத்து வச்சிருக்கேன், பயப்படாதீங்க."

பாத்ரூமுக்குள் நுழைந்து பிரஷ்ஷை எடுத்தேன். வெளியே மறுபடியும் டும் டும் டும்!

"இந்தப் பாட்டு முடியற வரைக்கும் தேய்ச்சாப் போதும்ங்க," என்றாள் பானு. "நீங்க போட்ட ரிப்பீட்டை நான் எடுக்கவே இல்லை."