வாயா, பையா?

ஓர் ஊரின் வறுமையை மக்ரூன் வைத்து அளந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவரோடு பழகியவன் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை வெளியூர்களுக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர் அவர். சொந்தப் பெயர் எங்கள் ஆபீஸ் ரெஜிஸ்டரில் மட்டும் இருந்தது. மற்றபடி ஊருக்கே மக்ரூன் அண்ணாச்சி. அவர் சரக்குக்குக் காகிதம் எழுதும் கிளார்க் நான்.

முந்திரியையும் சீனியையும் முட்டை வெள்ளைக்கருவோடு அடித்துச் சுடுகிற எங்கள் ஊர்ப் பலகாரம்தான் மக்ரூன். முறைத்துப் பார்த்தாலே நொறுங்கும். போகிற ஊரிலெல்லாம் சுமை இறக்குகிறவர், வாட்ச்மேன், முதலாளி என்று ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"வாயில போட்டாம்னா வசதி. சட்டைப் பையில போட்டாம்னா வீட்டுல ஒரு வாய் காத்துக் கெடக்கு. அம்புட்டுதாம்லே."

திரும்பி வந்ததும் ஆபீஸில் அறிக்கை வாசிப்பார்.

"கோயம்புத்தூர் எப்படி அண்ணாச்சி?"

"குடோன் வாசல்ல பூரா பை. மாடியில பூரா வாய். நடுவுல பத்துப் படிதாம்லே இருக்கு."

பெங்களூரில் ஒரு முதலாளி, சீனி ஆகாது, உடம்பைக் குறைக்கிறேன் என்று மக்ரூனைத் தள்ளிவிட்டாராம். அண்ணாச்சிக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. "வாயும் இல்ல, பையும் இல்ல. இவனை எங்கனலே சேக்க?"

எங்கள் ஹெட் கிளார்க் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர், குதர்க்கம் பேசாமல் அவருக்குக் காபி இறங்காது. "பொண்டாட்டிக்கு ஆசையா எடுத்துட்டுப் போயிருப்பான். அதைப் போயி வறுமைங்கீரு."

"ஆசைன்னா இன்னொண்ணு கேப்பான். இல்லாதவன் கேக்க மாட்டான் வே, ஒளிச்சு வைப்பான்."

எல்லா அறிக்கையும் ஒரே வரியில்தான் முடியும். "எந்த ஊரு எப்படிப் போனாலும் நம்ம தூத்துக்குடியில பை கிடையாது."

இருந்தது, அண்ணாச்சி. அது என் பை.

அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் அப்பாவுக்கு வேலை நின்றது. என் சம்பளத்தில் நாலு பேர். வீட்டில் தங்கச்சிக்குத் தின்பண்டம் என்றால் வெல்லம்தான். அதனால் அண்ணாச்சி ஆபீஸில் கொடுக்கும் மக்ரூனை எல்லாரும் தின்னும்போது நான் என்னுடையதைப் பையில் நழுவவிட்டு, வெறும் தாடையை ஆட்டிக்கொண்டிருப்பேன். நடுவில் யாராவது கேள்வி கேட்டால் வாய் நிறைந்தவன் மாதிரி 'ம்ம்' என்பேன். நடிப்பில் குறையே கிடையாது. மக்ரூன்தான் காட்டிக்கொடுத்தது.

ஒருநாள் அண்ணாச்சியின் காகிதத்தை எழுதக் குனிந்தேன். பையிலிருந்து வெள்ளைத் தூள் மேஜையில் கொட்டியது.

"ஏலே, பையில என்ன, சுண்ணாம்பா?" என்றார் ஹெட் கிளார்க். ஆபீஸே திரும்பியது. எனக்கு உயிரே போய்விட்டது. தூத்துக்குடியின் மானம் என் சட்டைப் பையில் நொறுங்கிக் கிடக்கிறது.

"நாந்தாம் வே, மக்ரூன் தின்ன கையை அவன் சட்டையில தொடைச்சேன்" என்றார் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த தடவை வந்தவர் ஆளுக்கு இரண்டு கொடுத்தார். ஒன்று கையில், ஒன்று சின்ன அட்டைப்பெட்டியில். "ஒண்ணு வாய்க்கு, ஒண்ணு பைக்கு. நொறுங்காம வீட்டுக்குக் கொண்டு போங்கலே."

"எல்லாருக்கும் பைன்னா உம்ம அளவு என்ன வே ஆகும்?" என்றார் ஹெட் கிளார்க்.

"அது கெடக்கு."

இத்தனை ஊர் சுற்றிச் செய்த ஆராய்ச்சி, அந்த இரண்டு வார்த்தையில் முடிந்தது.

அன்று வீட்டில் தங்கச்சி பெட்டியைத் திறந்து, கூம்பாக நின்றதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, இது என்னது?"

அதுவரை அவளுக்கு மக்ரூன் என்றால் ஒரு பொடி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி இப்போது தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கப் போவேன். பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கும்.

"நம்ம ஊருல பை கிடையாதுலே."

"கிடையாது, அண்ணாச்சி" என்பேன்.