கலுண்டேயின் அம்மாவுக்கு, கலுண்டேயின் அம்மா எழுதுவது

மச்சாகோஸ் பஸ் ஸ்டாண்டு,
பழந்துணி வரிசை, மூலைக் கடை.

மொம்பாசாவில் நர்ஸாகப் பணிபுரியும் மதிப்புக்குரிய சகோதரி டோர்கஸ் கியோகோ அவர்களுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்கள் உடம்பு, உங்கள் கால்வலி, உங்கள் ராத்திரி டியூட்டி எல்லாம் அவர் கிருபையால் ஒரு நிலையில் இருக்கும் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். மழை இன்னும் வரவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களை நன்றாகத் தெரியும். கால்வலி எப்படித் தெரிந்தது என்று பதற வேண்டாம், உங்கள் மகள்தான் சொன்னாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், போன பருவத்தில் ‘சரித்திரமும் அரசாங்கமும்’ என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை, பரீட்சை எழுதப்போகும் பெண்களுக்காகப் பள்ளியில் நடக்கும் ஜெப நாளுக்கு லீவு போட்டு வருவதாகக் கலுண்டேவுக்கு எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் வாசலில் போய் நின்று ‘நான் கலுண்டேயின் அம்மா’ என்று சொன்னால் வாட்ச்மேன் கிமெயு உங்களை உள்ளே விடமாட்டான். கலுண்டேயின் அம்மாவை அவனுக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான்.

கோபப்படுவதாக இருந்தால் கடைசியில் மொத்தமாகப் படுங்கள், நடுவில் வேண்டாம். போன வருஷம் அவள் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, துணைத் தலைமையாசிரியை முத்திண்டி மேடமும் சமையல்காரரும் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, சாப்பாட்டுக் கூடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பிரித்துவிட்டார்கள். நாலாம் படிவத்துக்கு ஜன்னல் ஓரம், ரெண்டாம் படிவத்துக்கு அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பான இடம், மூன்றாம் படிவத்துக்குக் கதவோரம். கதவோரம் என்றால் காற்றடிக்கும்போது அவரைக்காயில் பாதி மண். அந்த வாரம் பார்த்துத்தானா வகுப்பில் பெர்லின் மாநாட்டுப் பாடம் நடத்த வேண்டும்! வெள்ளைக்காரர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நம் கண்டத்தையே பங்கு பிரித்தார்களாம், அந்த அறையில் நம் ஆள் ஒருத்தர்கூட இல்லையாம். உங்கள் மகள் என்ன செய்தாள்? சாப்பாட்டுக் கூடத்தை ஆப்பிரிக்கா மாதிரி வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி என்று பெயர் போட்டு, நடுவில் முத்திண்டி மேடத்துக்குப் பெரிய மீசை வைத்து, அடியில் ‘இது நடந்த அறையில் நாங்கள் இல்லை’ என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டாள். சரித்திர வாத்தியார் முசாவு, படம் பிரமாதம் என்று அவளிடம் ரகசியமாகச் சொன்னாராம். விசாரணையில் அதே முசாவு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். முடிவு, பெற்றவரைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் கால் வைக்கலாம்.

மொம்பாசா பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டியவள், பஸ் ஸ்டாண்டில் என் கடை முன்னால் வந்து நின்றாள். அன்றைக்குத்தான் புது மூட்டை பிரித்திருந்தேன். சட்டைகளைத் தொடுகிறாள், பார்வை மட்டும் என் முகத்திலேயே இருக்கிறது.

“துணி பாக்குறியா, ஆளப் பாக்குறியா?” என்றேன்.

“ஆளுதான் வேணும் அத்தை. மத்தியானம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு அம்மா வேணும்.”

“உங்கம்மாவுக்கு என்னடி?”

“மொம்பாசால இருக்காங்க. போன தடவை லீவு கேட்டதுக்கே ஆஸ்பத்திரில வேலைய விட்டுத் தூக்கிடுவோம்னு மிரட்டினாங்களாம். இத நான் போய்ச் சொன்னா, அம்மா மறுபடி லீவு கேக்காம விடமாட்டாங்க.”

“அதுக்காக என்னையா புடிச்ச?”

“வெண்ணெய்ப்பழம் விக்கிறவங்கள முதல்ல கேட்டேன். அவங்க ரொம்பச் சிரிக்கிறாங்க. உங்களுக்குத்தான் மூஞ்சியிலேயே கோபம் இருக்கு.”

இந்த பஸ் ஸ்டாண்டுக்கு இது ஒன்றும் புதிதில்லை சகோதரி. ஆண்கள் பள்ளிப் பையன்களுக்கெல்லாம் எதிர்க்கடை முடிவெட்டுகிறவன்தான் சித்தப்பா. அத்தனை பேருக்குச் சித்தப்பாவாகப் போய், இப்போது அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் அவனிடமே முடி வெட்டிக்கொள்கிறார். அதனால் நான் போனதை மட்டும் பெரிய குற்றமாக நினைக்காதீர்கள். மூட்டையிலிருந்து ஒரு நீலக் கோட்டு எடுத்தேன், இறகு வைத்த தொப்பி ஒன்று எடுத்தேன், கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டிபோல இருந்தது. போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதாகத்தான் ஏற்பாடு.

மலைமேல் இருக்கும் பள்ளிக்கு ஏறிப் போனேன். மேடம் தன் அறையில் அந்தப் படத்தை எடுத்து என் முன்னால் வைத்ததும் எனக்கு என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முந்தி எங்கள் கடை வரிசையையும் இப்படித்தான், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் யாரோ சுண்ணாம்பில் கோடு போட்டு, என்னை மூத்திர நாற்றமடிக்கும் மூலைக்குத் தள்ளினார்கள். அது ஞாபகம் வந்துவிட்டது. “கேக்காம கோடு போட்டா புள்ளைங்க கேக்கத்தான் மேடம் செய்யும்! அந்த இங்கிலீஷ்காரன் பெர்லின்ல இருந்துக்கிட்டு…” என்று நான் ஆரம்பிக்க, “பெர்லின் ஜெர்மனியில இருக்கு, அம்மா” என்று உங்கள் மகள் அங்கேயே என்னைத் திருத்துகிறாள்! வந்த கோபத்தில் அவள் பக்கம் திரும்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவியா, மேடத்துக்கு மீசை வைப்பியா, இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன் என்று தொப்பி சரியச் சரியத் திட்டிக் காதைத் திருகிவிட்டேன். முத்திண்டி மேடம் எழுந்து வந்து, “விடுங்கம்மா, பாவம், சின்னப் பொண்ணு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நிஜமான அம்மாதான் என்று அப்போதுதான் நம்பினார் போலிருக்கிறது.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். மேடம் ஒரு தாளை நீட்டினார், மன்னிப்புக் கடிதம்தானே என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும்தான் கலுண்டே சிரிக்க ஆரம்பித்தாள். அது மன்னிப்புக் கடிதம் இல்லையாம். அந்தப் படிவத்துப் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கச் சம்மதம் என்று நான் எழுதிக்கொடுத்ததாம். யாரும் முன்வராமல் அந்தத் தாள் மேடத்தின் மேஜையில் பல வாரமாகக் கிடந்ததாம்.

“லோபெங்குலாவும் இப்படித்தான் அத்தை கையெழுத்துப் போட்டாரு.”

“யாருடி அவன்? எந்தக் கடை?”

“கடை இல்ல, ராஜா. தெக்குப் பக்கம், மாத்தபேலே தேசம். வெள்ளைக்காரங்க வாயால ஒண்ணு சொன்னாங்க, காயிதத்துல வேற எழுதியிருந்துச்சு. தேசமே போச்சு.”

“எனக்கு என்ன போச்சு?”

“சனிக்கிழமை போச்சு. கூட்டம் எல்லாம் சனிக்கிழமைதான்.”

சந்தை நாளில் கடையை விட்டுவிட்டுப் போக எனக்கு என்ன பைத்தியமா என்று நீங்கள் கேட்கலாம். போனேன். முதல் கூட்டத்திலேயே வகுப்புக்கு இரண்டு பெண்களை உள்ளே உட்கார வைத்தால்தான் நான் வாய் திறப்பேன் என்றேன். வாய் திறக்காமலே இருந்தால் நல்லது என்று ஒரு தகப்பனார் சொன்னார். ஆனாலும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், இப்போது வாரத்துக்கு ஒரு வகுப்பு கதவோரம் சாப்பிடுகிறது. மண் எல்லோருக்கும் சமமாகப் போகிறது. விடுதிப் பெண்களைப் பெற்றவர்கள் வந்து பார்க்கும் பார்வையாளர் நாளுக்கும் போனேன். கோழி பொரித்து, சப்பாத்தி சுட்டுக் கூடையில் வைத்து எடுத்துப் போவேன். அவள் புத்தகத்தை என் மடியில் போட்டுக் கேள்வி கேட்கச் சொல்வாள், நான் தப்புத் தப்பாகப் படிப்பேன், அவள் வாயில் கோழியோடு சரியாகப் பதில் சொல்வாள். சட்டம் செய்கிறவர், நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூன்று பேரும் தனித்தனியாக இருக்க வேண்டுமாம். எங்கள் பஸ் ஸ்டாண்டில் மூன்றும் ஒரே ஆள், தொப்பி போட்டிருப்பான் என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஒரு நாள் அவளிடம், ரெண்டு அம்மா வைத்துக்கொண்டிருக்கிறாயே, இது சரியா என்று கேட்டேன். “இந்தியாவுல ரெண்டு சபை இருக்கு அத்தை. ஒண்ணு ஜனங்க நேரா ஓட்டுப் போட்டது, இன்னொண்ணு அப்படி இல்ல. ரெண்டும் சேந்துதான் பாராளுமன்றம்” என்றாள். இதில் நான் எது என்றேன். “நான் ஓட்டுப் போட்டது நீங்கதான். அம்மா நான் பொறக்கறதுக்கு முந்தியே பதவியில இருக்காங்களே!” என்றாள். இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாடத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. நம் பக்கத்தில் கல்யாணமான பெண்ணை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? முதல் பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னார் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் பழந்துணி அம்மா என்பார்கள். முதல் பார்வையாளர் நாளில் வாசலில் ஒரு சின்னப் பெண், “கலுண்டே அம்மா வந்தாச்சு!” என்று கத்திக்கொண்டே ஓடினாள். யார் வருகிறார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அன்றைக்கு இறங்கி வரும்போது வழியெல்லாம் அழுதேன், சகோதரி. அதற்கப்புறம் நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அது என் தப்புத்தான்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு ஒவ்வொரு பெண்ணும் முழங்காலிடுவாள். அவளுடைய அம்மா பின்னால் நின்று தலையில் கை வைத்து ஜெபித்து, பரீட்சைக்கான பேனாவைக் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு நான் பல வழி யோசித்தேன். முதலில், நீங்கள் அத்தையாக வரலாம் என்று நினைத்தேன். உங்கள் அளவுக்கு நல்ல பச்சை கவுன்கூட எடுத்து வைத்தேன். அப்புறம், எனக்குக் காய்ச்சல் என்று சொல்லலாமா என்று பார்த்தேன், ஆனால் பெற்றோர் பிரதிநிதி என்று நன்றியுரை என் தலையில் விழுந்திருக்கிறது. செத்துப்போனதாகவே சொல்லிவிடலாம் என்று நினைத்தபோது முடிவெட்டுகிறவன்தான் தடுத்தான். அப்படிச் சொன்னால் பள்ளியே காசு திரட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, பாட்டுக் குழுவோடு அடக்கத்துக்கு வந்து நிற்கும், யாரை அடக்கம் பண்ணுவாய் என்றான். நியாயம்தானே?

நேற்று கடையில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொரு பார்வையாளர் நாளிலும் அவள் என் கோழியைத்தான் சாப்பிடுகிறாள், என்னோடுதான் சிரிக்கிறாள். ஆனால் பெரிய வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் உடனே அவள் தலை திரும்பிவிடும். நீங்கள் வரமாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் திரும்பும். “எங்கம்மா ராத்திரியெல்லாம் ஊரான் புள்ளைங்கள கையில ஏந்துறாங்க” என்று ஒரு தடவை சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள், கண் மட்டும் வாசலில் இருந்தது. பரீட்சைக்கு முந்தி அவள் தலையில் வைக்க வேண்டிய கை உங்களுடையது. நான் வரமாட்டேன். உண்மையெல்லாம் எழுதித் தலைமையாசிரியருக்கு இன்றைக்கே அனுப்பிவிட்டேன். எல்லாம் என் யோசனை என்றுதான் எழுதியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். நீலப் பேனா வாங்குங்கள், முனை மெல்லிசாக இருக்க வேண்டும். சீக்கிரம் வாருங்கள், முன் வரிசை நிரம்பிவிடும். அவளைத் திட்டுவதானால் பரீட்சை முடிந்த பிறகு திட்டுங்கள். உங்கள் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்றுதான் அந்தக் குழந்தை இவ்வளவும் செய்தது.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, கால்வலியைக் குறைத்து, உங்களுக்குப் பகல் டியூட்டி கிடைக்கச் செய்வாராக. வீட்டிலுள்ள சின்னவனுக்கு, கலுண்டேயின் தம்பிக்கு, என் முத்தங்கள். கடிதம் கொண்டுவரும் கண்டக்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இனிமேல் வெறும்
மும்புவா

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். தலைமையாசிரியர் என் கடிதத்தைப் படித்துவிட்டு முத்திண்டி மேடத்தையே என் கடைக்கு அனுப்பியிருந்தார். மேடம் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தார், ஒரு ஸ்வெட்டர் வாங்கினார், பெற்றவள் வரட்டும், ஆனால் பிரதிநிதி ராஜினாமாவைக் கூட்டத்தில்தான் கொடுக்க முடியும், அடுத்த கூட்டம் பரீட்சைக்கு அப்புறம்தான், அதுவரைக்கும் நான்தான் பிரதிநிதி, சனிக்கிழமை நன்றியுரையும் நான்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் ‘வரமாட்டேன்’ என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். நீங்கள் வலது கையை வையுங்கள். நான் பின்னால் ஓரமாக நின்று இடது பக்கம் ஒரு கை வைத்துக்கொள்கிறேன். அவளுக்குத் தலை கொஞ்சம் பெரிசு, நான் பின்னிவிட்டுப் பார்த்திருக்கிறேன், இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.