போங்கா அக்காவுக்குப் பல்வலி வந்த வாரம்

போங்கா அக்காவின் குரலைவிடப் பெரிய குரலை நான் இன்றுவரை கேட்டதில்லை. ரயில் இன்ஜின், கல்யாண மண்டப ஸ்பீக்கர், என்னுடைய பழைய மேலதிகாரி எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் நான் குமாஸ்தாவாக இருந்த தொண்ணூறுகளில், காலையில் வேலைக்குச் சங்கு ஊதும். சங்குக்கு மராத்தியில் போங்கா என்று பெயர். சங்கு ஊதும்போது கேட்டுக்குள்ளே நிற்க வேண்டும். அது ஊதிய பிறகு எழுந்தால் என்ன, எழாவிட்டால் என்ன? எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்த மற்ற பத்து வீட்டையும் எழுப்பியது அக்காதான். அதனால் அந்தச் சங்கின் பெயர் அவளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது, அதை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

காலை ஐந்தரைக்கு ஆரம்பிப்பாள்.

"செல்வம்! எந்திரி! நேரமாச்சு!"

செல்வம் அவளுடைய கடைக்குட்டி. ஆறு வயது. பிறவியிலேயே காது மந்தம். சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டியும் அதிலிருந்து காதுக்கு ஒரு வயரும் இருக்கும். அதை மாட்டினால் பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டும். தூங்கும்போது அதையும் கழற்றி வைத்துவிடுவான். ஆக, கேட்க வேண்டியவனுக்குக் கேட்காது, கேட்க வேண்டாத பத்து வீட்டுக்கும் கேட்கும். கடைசியில் அவனைத் தொட்டு உலுக்கித்தான் எழுப்புவாள்.

பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஒருநாள் கேட்டேன். "உலுக்கித்தான எழுப்புறீங்க? அப்புறம் எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க அக்கா?"

"என்னைக்காவது ஒரு நா கேட்டுருச்சுன்னா தம்பி? அன்னைக்குன்னு பாத்து நான் கூப்பிடாம இருந்துட்டா?"

அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் நான் அவளைக் கேலி செய்ததில்லை.

மேலூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் டிப்போவில் ஸ்டோர்மேன், வாய் திறக்காத மனுஷன். அவருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் அவருக்குப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. அந்தச் சமயம் அவரை இரண்டு மாதம் ஜபல்பூருக்கு அனுப்பியிருந்தார்கள். மூத்தவள் வசந்திக்கு எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை. இத்தனைக்கும் நடுவில் செல்வத்தை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற காரியம் இருந்தது. அக்காவின் உயிரே அதில்தான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

செல்வம் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வான். ஆனால் ஒரே ஒரு உதடு, அம்மாவின் உதடு. வேறு யார் பேசினாலும் தலையைக் குனிந்துகொள்வான். போன வருஷம் இந்திப் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ் அவன் பெயரைக் கேட்டதும், பையன் அவரைப் பார்க்காமல் திரும்பித் திரும்பி அம்மாவையே பார்த்தான். அந்த அம்மாள் நல்லவர். "வகுப்பில் நீங்கள் வந்து உட்கார முடியாதே அம்மா. என் கேள்வி நாலுக்கு அவனாகப் பதில் சொன்னால் அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி இருக்கிறது, அங்கே அனுப்பிவிடுங்கள்" என்றார். அந்த விடுதி இருந்த ஊருக்கு அரை நாள் ரயில்.

"அவன் பேசறது எனக்கு மட்டும்தான தம்பி புரியும்? அங்கிட்டுப் போயி வயிறு வலிச்சா யார்ட்டச் சொல்வான்?" என்பாள். சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் இறங்கிவிடும்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, சுத்தமாகக் காப்பியடிப்பது. ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அங்கே போய் நின்றுகொள்வது, அவர் கேட்கிற கேள்வியைச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பையனுக்குச் சொல்வது. ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்து நான் இந்தியில் கேட்பேன். பின்னால் நின்று அக்கா அதைத் தன் இந்தியில், அதாவது "தேரா பேரு க்யா?" என்று, வாயை அகல அகலத் திறந்து காட்டுவாள். பையன் டாண் டாணென்று பதில் சொல்வான்.

"இது காப்பியடிக்கிறது இல்லையாக்கா?"

"காப்பிதான். எம்புள்ளைக்கு நான் அடிக்காம வேற எவ அடிப்பா?"

சனிக்கிழமை நேர்காணல். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டெலும்பு ஒன்றைக் கடித்தாள். எலும்பு நன்றாகத்தான் இருந்தது, கடைவாய்ப் பல் பிளந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை குரல் பாதியாக வந்தது. வரிசையில் பாதிப் பேர் எழுந்தார்கள். கிராம்பை வைத்து அமுக்கிக்கொண்டு தண்ணீர் பிடித்தாள், துணி துவைத்தாள், கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை குரலே வரவில்லை. அன்றைக்கு டிப்போ கேட்டுக்கு வெளியே எங்கள் வரிசை ஆண்கள் பத்துப் பேரும் நின்றோம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டவன், ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்தவன் என்று ஒவ்வொருவரும் ஒரு தினுசு. எதிர்வீட்டுப் பெரியவர் ஷிண்டே காகா, இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்தார். உடனே ஒரு தீர்மானம் போட்டோம். அக்காவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியது, கூட்டிப்போக வேண்டிய ஆள் நான்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்த கையோடு, "ஆஜ் ஹீ நிகால்னா படேகா" என்றார். இன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

அக்கா எழுந்தே விட்டாள். "சனிவார் கே பாத், டாக்டர் சாப்." சனிக்கிழமைக்கு அப்புறம்தானாம்.

"பிடுங்கினா ரெண்டு நாள் கன்னம் வீங்கும். வாய் கோணும். அவன் எப்படித் தம்பி என் வாயைப் பாப்பான்?" என்று என்னிடம் தமிழில் முனகினாள். நான் அதை இந்தியில் சொன்னேன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எடுக்காவிட்டால் சீழ் வைத்துத் தாடையே இறுகிவிடும், அப்புறம் வாயே திறக்காது என்று நிதானமாகச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது நானும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வாய்வரை வந்த பழமொழியை, அவள் மடியில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

டாக்டர் சொன்னதுதான் நடந்தது. புதன்கிழமை விடியும்போது கன்னம் தேங்காய் மாதிரி வீங்கி, இரண்டு பல் வரிசைக்கும் நடுவில் ஒரு ஸ்பூன்கூட நுழையவில்லை. எங்களை எழுப்பியாக வேண்டுமே, அதை அவள் மறக்கவில்லை. மகனை அனுப்பினாள். அவன் பெட்டியும் வயருமாக வரிசை நெடுக ஓடி, ஒவ்வொரு கதவையும் இரண்டு கையாலும் தட்டினான். கதவைத் திறக்கிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி, "ஆ... ரஹா ஹூம்" என்பார்கள். வருகிறேன், வருகிறேன். ஆள் உண்மையாகவே எழுந்தானா என்று பார்க்காமல் அவன் நகரமாட்டான். அப்படித்தான் அம்மா சைகையில் சொல்லியிருந்தாள். அதனால் அந்தப் பத்து முகத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் இதே வேலை. எங்களில் ஒருவருக்கும் இதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. சங்குக்கு முன்னால் கேட்டுக்குள் போனோம், அது போதும் என்றிருந்தோம்.

பட்ட காலிலே படும் என்பார்கள். வியாழக்கிழமை மத்தியானம் நாத்தனார் குடும்பம் ஐந்து பேர் ஷீரடி போகிற வழியில் வந்து இறங்கினார்கள். புனேயில் குடியிருக்கிற தமிழனுக்கு ஷீரடி போகாத சொந்தக்காரன் கிடையாது. அக்கா கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாம்பார் வைத்து, அப்பளம் பொரித்து, ஐந்து பேருக்கும் இலை போட்டாள்.

நாத்தனார் என் வீட்டு வாசலுக்கு வந்து குமுறினாள். "வாங்கன்னு வாய் திறந்து ஒரு சொல் சொல்லலையேங்க! அண்ணன் ஊர்ல இல்லைன்னதும் அண்ணிக்கு நாங்க ஆகாதவுகளாப் போயிட்டமா?"

"பல்வலிங்க" என்றேன்.

"அண்ணிக்கா? போன தடவை பல்லு வலிக்குதுன்னு தெரு முழுக்கக் கேக்கக் கத்துச்சே!"

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கோபித்துக்கொண்டே ஷீரடிக்குப் போனார்கள். வசந்தி பரீட்சைக்குப் போனாள். அக்கா மதியம் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைத் திறக்கப் பார்த்ததை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து இழுத்தாள். உதடு அசைந்தது, பல் விலகவில்லை. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, படிவம் எழுத ஆள் வேண்டுமென்ற சாக்கில் நானும் போனேன். அக்கா திட்டப்படி ஜன்னலோரம் போய் நின்றாள். வீங்கிய கன்னத்தை மறைத்த முந்தானையை மட்டும் எடுத்துவிட்டாள்.

"துமாரா நாம் க்யா ஹை, பேட்டா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

செல்வம் அம்மாவைப் பார்த்தான். அவள் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. பையன் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தான். விடுதிதான், வேறு வழியில்லை என்றே நினைத்தேன்.

அப்போது அவன் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி எம்பி, ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தை அண்ணாந்து பார்த்தான். மூன்று நாளாக ஒவ்வொரு வாசலிலும் எங்கள் முகத்தைப் பார்த்தானே, அதே பார்வை. அவர் இன்னொரு முறை கேட்டார்.

"செல்...வம்."

வீட்டில் யார் யார் என்று இந்தியில் கேட்டதற்கு, "அம்மா, அப்பா, அக்கா" என்று தமிழில் பதில் வந்தது. படத்திலிருந்த சிவப்புப் பூவைக் காட்டி என்ன நிறம் என்றார். "லால்" என்றான். கடைசியாக அவர் புன்னகையோடு, "ஸ்கூல் ஆவோகே?" என்றார், பள்ளிக்கூடத்துக்கு வருவாயா என்று.

செல்வம் கண்ணைக் கசக்கிக்கொண்டான். வாயை நன்றாகப் பிளந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். "ஆ... ரஹா ஹூம்!" என்றான். கொட்டாவியும் அந்த வார்த்தையில் சேர்த்தி என்று எண்ணியிருக்கிறான் பாவம். பத்து வீட்டிலும் அப்படித்தானே சொல்லியிருந்தோம்!

ஹெட்மிஸ்ட்ரஸ் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அக்கா பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து அழுதாள். பல்லைத் திறக்காமலே பேசினாள். "மொதத் தடவை பாத்தான். அப்புறம் என்னையப் பாக்கவே இல்ல தம்பி. கடைசி வரைக்கும் பாக்கல." அது சந்தோஷமா வருத்தமா என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான்.

மாத்திரையில் வாய் கொஞ்சம் திறந்து, திங்கட்கிழமை சாயங்காலம் பல்லை எடுத்தார்கள். இரண்டு நாள் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணி. அரைத் தூக்கத்தில் கதவு தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தேன், வரவில்லை. பதிலாக வாசலில் ஒரு குரல் கேட்டது. மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று தெருவில் ஒருநாளும் திறக்காத குரல். மேடு பள்ளம் தெரியாத, நன்றாகப் பெரிய குரல்.

"தம்...பி! எந்...திரி! நேர...மாச்சு!"

ஆறு வயதுப் பையன் என்னைத் தம்பி என்கிறான். அம்மா உதட்டில் என் பெயர் அதுதானே. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். அக்கா வாசற்படியில், பஞ்சு வைத்த வாயைக் கையால் பொத்தியபடி நின்றாள்.

ஷிண்டே காகா வீட்டில் விளக்கு எரிந்தது. அடுத்த வீட்டிலும் எரிந்தது. எனக்கும் முதல் கூப்பாட்டிலேயே நன்றாக விழிப்பு வந்துவிட்டது. இருந்தும் போய்ப் படுத்துக்கொண்டேன், இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று.