சோளனைப் பிடுங்க மாட்டாத ஓரடி அண்ணை

அந்த நாளில் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் ஓரடி அண்ணையைப் போல ஒழுங்கான மனிதரும் இல்லை, அவரைப் போல ஊரைக் குழப்பிய மனிதரும் இல்லை. மேசையில் கோப்பைக்குக் கோப்பை ஓரடி இருக்க வேண்டும். வாசலில் சப்பாத்துக்குச் சப்பாத்து ஓரடி இருக்க வேண்டும். பஸ் தரிப்பிடத்தில் டேனிஷ்காரர் தாங்களாகவே தள்ளித் தள்ளி நிற்பதைப் பார்த்துத்தான் இந்த நாடு அவருக்குப் பிடித்துப்போனதாம். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதாக நினைவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நானும் கணவரும் தலைநகருக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். அவர் விடியவே தொழிற்சாலைக்குப் போய்விடுவார். எனக்கு வயிற்றில் பிள்ளை. பகல் முழுக்கச் சுவர்தான் துணை. வகுப்பில் படித்த டேனிஷ், வாசல் தாண்டியதும் தொண்டைக்குள் இறங்கிவிடும். எதிரே சின்னத் தோட்டம் வைத்த ஒரு வீட்டில் வேறு சில பெடியன்களோடு ஓரடி அண்ணை இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அது வந்தால்தான் ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிடலாம்.

அந்தத் தோட்டத்தில் அண்ணை சோளன் போட்டார். இந்தக் குளிருக்கு எங்கே முளைக்கப் போகிறது என்று பயந்து குழிக்கு மூன்று விதை போட்டிருக்கிறார். ஒன்று விடாமல் எல்லாம் முளைத்துவிட்டன. பக்கத்து வீட்டு கியர்ஸ்டன் என்ற வயதான அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, குழிக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கு, நெருக்கி நின்றால் ஒன்றும் காய்க்காது என்று கையைக் காட்டி விளக்கினார். கன்றுக்குக் கன்று ஓரடியாவது வேண்டும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அந்த அம்மாவைக் கண்டால் அண்ணை எழும்பி நிற்கத் தொடங்கினார்.

அளக்க அடிமட்டத்தோடு தோட்டத்தில் இறங்கியவர் மத்தியானம்வரை குந்தியபடியே இருந்தார். ஒரு கன்றும் பிடுங்குப்படவில்லை. நான் போய் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்டாத்தானே பிள்ளை வந்ததுகள். எதை இருக்கச் சொல்லுறது, எதைப் போகச் சொல்லுறது?"

சின்னதைப் பிடுங்கிவிடுங்கோ என்றேன்.

"சின்னன் பிந்தி வந்திட்டுது. அது ஒரு குற்றமே?"

கடைசியில் ஒன்றையும் எறியவில்லை. மிச்சக் கன்றுகளை வேர்மண்ணோடு கிளப்பி, தயிர் டப்பாக்களில் வைத்து, சைக்கிளில் கட்டி, தமிழர் இருந்த வீடு வீடாகக் கொண்டுபோனார். அடுத்த ஊர் புரொண்பிவரை போனார். வேண்டாம் என்றவர்களுக்கு இரண்டு கொடுத்துவிட்டு வந்தார். என்னுடைய பல்கனிக்கும் ஒன்று வந்தது. கிழமைக்கு ஒருதரம் அதைப் பார்வையிட வருவார். வந்து என்னைத்தான் விசாரிப்பார். சாப்பிட்டேனா, நடந்தேனா, இன்றைக்கு யாரோடு கதைத்தேன் என்று கேட்பார். சோளனோடு என்றேன் ஒருநாள். அது டேனிஷில் மறுமொழி சொல்லாது, கீழே போய் மனிதரோடு கதை என்று துரத்தினார்.

ஓகஸ்டில் சோளன் பூத்தது. அப்போதுதான் கியர்ஸ்டன் அம்மா பூவை உதறிக் காட்டி இன்னொன்றைச் சொன்னார். சோளனுக்குக் கூட்டம் வேண்டுமாம். ஒன்றின் பூந்தூள் காற்றில் போய் மற்றதில் விழுந்தால்தான் மணி பிடிக்குமாம். தனியே நிற்பது அநேகமாக மணியில்லாத வெறும் பொத்திதான் தருமாம். அண்ணைக்கு அன்று சோறு இறங்கவில்லை. தான் பிரித்துக்கொண்டுபோய் விட்ட கன்றுகளை நினைத்து இருப்புக்கொள்ளாமல் தவித்தார்.

மறுநாள் காலை முதல், தன் தோட்டத்துப் பூக்களைக் கடுதாசிப் பைக்குள் உதறி, மஞ்சள் தூளைச் சேர்த்து, சைக்கிளில் புறப்பட்டார். ஒவ்வொரு வீடாகப் போய்த் தூவிவிட்டு வருவார். கதவு திறக்காவிட்டால் திறக்கும்வரை மணி அடிப்பார்.

இப்படி ஒருநாள் என் வீட்டு மணி அடித்தது. திறந்தால் அண்ணையும், பின்னால் ஒரு பொலிஸ்காரரும். கறுத்த மனிதர் ஒருவர் பைக்குள் ஏதோ தூளோடு வீடு வீடாகத் திரிகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பம் கிடப்பில் இருக்கும்போது பொலிஸில் மாட்டினால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இவருக்குச் சொல்லு பிள்ளை. எனக்கு வாய் வருகுதில்லை."

பூந்தூளுக்கு டேனிஷில் என்ன சொல் என்று எனக்கும் தெரியாது. பொலிஸ்காரரைப் பல்கனிக்குக் கூட்டிப்போய், தெரிந்த சொற்களை அடுக்கினேன். இது அம்மா. பையில் இருப்பது அப்பா. அப்பா தூரத்தில் இருக்கிறார். இந்த மனிதர் கொண்டுவருகிறார்.

பொலிஸ்காரர் பையையும் பார்த்தார், சோளனையும் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார். செய்துகாட்டச் சொன்னார். அண்ணை தூவத் தொடங்க, காற்றுக்குச் சோளன் ஆடியது. பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, ஆடாமல் இருக்கத் தண்டைப் பிடித்துக்கொண்டார். போகும்போது, என் டேனிஷ் நல்லாயிருக்கிறது என்றார். நான் அன்று பின்னேரமே கீழே இறங்கி கியர்ஸ்டன் அம்மாவோடு கதைக்கப் போனேன்.

என் சோளன் ஒரு பொத்தி தந்தது. பல்லு விழுந்த பிள்ளை சிரிப்பதுபோல் இடையிடையே பொக்கை. அதை அவித்து நானும் கணவரும் அண்ணையும் பிய்த்துத் தின்றோம்.

இலை கொட்டும் காலத்தில் அண்ணைக்கு நாட்டில் இருக்கலாம் என்று பதில் வந்தது. தூரத்து நகரமான ஓகூஸில் இடம் கிடைத்துப் போனார். மனைவியைக் கூப்பிடும் அலுவலும் தொடங்கிவிட்டது.

பனி கொட்டும்போது எனக்கு மகள் பிறந்தாள். என் வீட்டிலிருந்தும் கணவர் வீட்டிலிருந்தும் வர ஆளில்லை. ரயிலும் கப்பலும் மாறி ஓகூஸிலிருந்து அண்ணைதான் வந்தார். குடும்பத்தவர் மட்டும்தான் உள்ளே வரலாம், இவர் யார் என்று ஆஸ்பத்திரித் தாதி கேட்டார். என் அண்ணன் என்றேன். அதைத் திருத்தவேண்டும் என்று இத்தனை வருடத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.