நூடுல்ஸ் இல்லாத தேர்தல்

ஃப்ளோரிடாவில் மகள் வீட்டில், கோபம் இன்னும் ஆறாமல் இருக்கும் வெர்னா அத்தைக்கு,

உங்கள் தம்பி வீட்டு மருமகள் ஜோலீன் பணிவுடன் எழுதுவது. என் குட்டி மகள் டெஸ்ஸின் இருமலும் என் மானமும் தவிர இங்கே மற்றெல்லாம் நலம். உங்கள் முழங்கால் நலமா? நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரித்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆம்புலன்ஸ் செலவுக்கான வரி ஊர் ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டது அத்தை. ஒரே ஒரு ஓட்டில். இந்த வருடக் கடைசியோடு நம் தீயணைப்புக் கொட்டகையில் நிற்கும் வண்டியை எடுத்துப் போய்விடுவார்கள். அப்புறம் யாருக்கு என்ன ஆனாலும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்துதான் வண்டி வரவேண்டும். அங்கே சரக்கு ரயில் குறுக்கே நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் டெஸ்ஸுக்கு மூச்சு அடைத்து உதடு நீலமானபோது, நான் போனைக் கீழே வைப்பதற்குள் பக்கத்துத் தெரு ஆம்புலன்ஸ் பையன் செருப்புகூட இல்லாமல் ஆக்ஸிஜனோடு ஓடிவந்தானே, அந்த வண்டி. அதைக் காப்பாற்றக் கிளம்பியவளும் நான்தான், கவிழ்த்தவளும் நான்தான்.

ஊர் மன்றத்தில் நான் பேசியதை நினைத்தால் இப்போது காது கூசுகிறது. “ஒரே ஒரு கேள்விக்காக ஆகஸ்டில் தனித் தேர்தல் எதற்கு? மே மாதம் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி நடக்கிறது, அதோடு சேர்த்து வைத்தால் செலவும் மிச்சம், கூட்டமும் கூடும்” என்று கல்லூரியில் படித்ததையெல்லாம் கொட்டினேன். நீங்கள் எழுந்து நின்று, “ஏம்மா படிச்சவளே, நம்ம ஊர்க்காரன் ஓட்டுப் போடவா வர்றான்? நான் பக்கத்துக் கூடத்துல போடுற கோழி நூடுல்ஸத் திங்க வர்றான். தின்ன வாய் சும்மா இருக்குமா, போற வழியில வரிக்கு ‘ஆமா’ன்னு குத்திட்டுப் போறான். மே மாசம் சோளம் விதைக்கிறவன் டிராக்டர விட்டு இறங்க மாட்டான், பாத்துக்க” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வாக்கெடுப்பில் என் பக்கம் சாய்ந்தார்கள். நீங்கள் நூடுல்ஸ் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஃப்ளோரிடா போனவர்தான், இன்னும் திரும்பவில்லை.

சோளத்தைக்கூட மன்னிக்கலாம் அத்தை, மழை பெய்து வயல் சேறாகி எல்லோரும் ஊருக்குள்தான் இருந்தார்கள். வினை வேறிடத்தில் இருந்தது. பிரைமரியில் எந்தக் கட்சியின் ஓட்டுச் சீட்டு வேண்டுமென்று மேசையில் வாய்விட்டுக் கேட்டு வாங்கவேண்டுமே, அது என் புத்தியில் உறைக்கவில்லை. மேசையில் யார்? நம் லோர்னா! “எந்தக் கட்சிச் சீட்டுப்பா வேணும்? என்னது? சத்தமா சொல்லு, காது மெஷின்ல பேட்டரி தீந்து போச்சு!” வரிசை முழுக்க அப்படியே உறைந்துவிட்டது. நாவிதர் விக் தொப்பியை மாட்டிக்கொண்டு, “ரெண்டு கட்சித் தலையும் என் கத்திக்குத்தான் குனியுது. இங்க வாயத் தொறந்தா நாளைக்குப் பாதித் தலை வராது தாயி” என்று நழுவினார். மார்ஜ் ஒரு கட்சியைச் சொல்ல, பின்னால் நின்ற அவள் புருஷன், “இத்தனை வருஷமா என் கட்டில்லயா படுத்திருந்த?” என்றார். அவர் அப்படியே வெளியே போய்த் தனியாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார், மார்ஜ் நடந்து வந்தாள். கட்சி எதுவும் வேண்டாதவர்கள் வரிச் சீட்டை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாமாம். அந்த ஒரு வரியை நான் என் துண்டறிக்கையில் போட மறந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் படமும் டெஸ்ஸின் சிரிப்பும் போட்டேன், அதைப் போடவில்லை. ஊரே வந்தது அத்தை. வந்த ஊரில் பாதி, வாயைத் திறக்காமல் திரும்பிப் போனது.

இந்த அவமானத்தில் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் உங்கள் தம்பியும் உங்கள் மருமகனும்தான். மாமாவும் என் வீட்டுக்காரர் டெல்லும் ஆளுக்கொரு ‘நான் ஓட்டுப் போட்டேன்’ ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தபோது, ஊர் கைவிட்டாலும் நம் வீட்டு ஆண்கள் கைவிடவில்லை என்று எனக்குக் கண்ணே நிறைந்துவிட்டது.

இனி ஊர்க் காரியத்தில் மூக்கை நுழைக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். மன்றம் இதை ஆகஸ்டில் தனியாக மறுபடி வைக்கச் சம்மதித்திருக்கிறது. நீங்கள் வந்து அண்டாவை நிமிர்த்தவேண்டும். எனக்காக வேண்டாம். அடுத்த அறையில் டெஸ் விடும் ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அவளுக்காக வாருங்கள். நூடுல்ஸுக்கு அடியில் வைக்கும் உருளைக்கிழங்கை நான் மசிக்கிறேன், வாயைத் திறக்காமல்.

அக்காவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
ஜோலீன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது டெல் வந்து நின்றார். “ஜோ, அந்த ஸ்டிக்கர் பத்தி எழுதின பாராவ மட்டும் அடிச்சிரேன்.” ஏனென்றேன். “வரிசைல எனக்குப் பின்னாடி அப்பா நின்னாரு. நான் கட்சி பேரச் சொன்னா அவரு நெஞ்சு தாங்குமா? பின்வாசல் வழியா வந்துட்டேன். ஸ்டிக்கர் சுருள் வாசல்லதான் கெடந்துச்சு.” உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் முதலில் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, “முன்னாடி பையன் நிக்கான்மா. அவன் முன்னால எப்படிச் சொல்றது? பக்கவாசல்ல வந்துட்டேன்” என்றார். கேட்டுப் பார்த்தால், இருவரும் சொல்லவிருந்தது ஒரே கட்சியின் பெயர். தோற்றது ஒரே ஓட்டில். டெல்லின் ஸ்டிக்கரை டெஸ் அன்றே பிய்த்துத் தன் கரடிப் பொம்மையில் ஒட்டிவிட்டாள். நம் வீட்டு ஆண்கள் போட்ட அளவுக்கு அந்தக் கரடியும் ஓட்டுப் போட்டிருக்கிறது அத்தை. ஆகஸ்டில் மூவரையும் நானே கையைப் பிடித்து அழைத்து வருகிறேன். மூக்கை நுழைக்க மாட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள்.