பைத்தன் இரண்டைக் கழற்றி மூன்றைப் பூட்டிய விபரம்

கரவெட்டி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பி நதானியேலுக்கு,

கர்த்தருடைய தயவால் நானும் நீ தந்துவிட்டுப் போன மடிக்கணினியும் சுகம். நீயும் ஜெயனியும் அவ்விதமே இருக்க மன்றாடுகிறேன். "அக்கா, உதிலை கடிதம் எழுதுங்கோ, படம் பாருங்கோ. உள்ளுக்கை மட்டும் கைவையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். கைவைத்தேன். வெற்றியும் கண்டேன்.

ஒன்பது வருஷமாக ஊரின் நாற்பத்தொரு கிணற்றிலும் மாதாமாதம் உப்பு அளந்து கொப்பியில் எழுதி வருகிறேன். இரசாயனவியல் படிப்பித்து ஓய்ந்தவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? கூட இறைத்தால் உப்பு ஏறும் என்பதால், எந்தக் கிணறுகளில் இந்தப் போகம் இறைப்பை நிறுத்துவது என்று சனிக்கிழமை கமக்காரர் கூட்டத்தில் முடிவெடுக்க இருந்தார்கள். கமக்காரர் சங்கச் செயலாளர் மார்க்கண்டு முன்கூட்டியே வந்து, "ரீச்சர், உங்கடை கொப்பியைப் பார்த்தால் தலை சுத்துது. உப்புக் கூடுதோ குறையுதோ எண்டு ஒரே தாளிலை காட்டேலாதோ?" என்றார்.

"ஓம், காட்டுறன்" என்றேன். நான் இணையவகுப்பில் பைத்தன் என்ற நிரல்மொழி படிப்பது அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை நிரலை எழுதி ஓடவிட்டால், "கந்தப்பர் கிணறு" என்ற முதற்பெயரிலேயே, இது என்ன எழுத்தென்று தெரியவில்லை என்று கணினி நின்றுவிட்டது. விசாரித்தால், கணினியோடு கூடவந்த பைத்தன் இரண்டாம் பதிப்பாம், கிழடாம். தமிழை ஒழுங்காக வாசிக்க மூன்றாம் பதிப்பு வேண்டுமாம். கந்தப்பர் கிணற்றை நான் இங்கிலீசிலா எழுதுவேன்? புதியதை இறக்கிப் பூட்டினேன். ஆனால் பைத்தன் என்று கூப்பிட்டால் பழையதே ஓடிவந்து நிற்கிறது. வந்த கோபத்தில் அதை அடியோடு அழிக்கச் சொன்னேன். நீண்ட பட்டியலொன்றைக் காட்டி, இவ்வளவும் போகும், சம்மதமா என்று கேட்டது. வாசிக்காமல் ஓம் என்றேன். தம்பி, கணினியை நிறுத்தித் திரும்ப இயக்கினால் படமுமில்லை, அம்புக்குறியுமில்லை, கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்கிக்கொண்டு நிண்டுது.

நெல்லியடியில் கணினி படிப்பிக்கும் என் பழைய மாணவி டிலக்ஷிக்குப் போன் எடுத்தேன். "ஐயோ ரீச்சர், பழையதை அழிச்சுப்போட்டியளோ? அதிலைதானே மிச்சமெல்லாம் ஊண்டி நிக்குது!" என்றாள். அவள் சொல்லச்சொல்ல ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பழையதைத் திரும்ப அழைத்து ஒரு மூலையில் இருத்தினேன். பெயரைச் சொன்னால் புதியது வரும்படி செய்தேன். நாலு மணித்தியாலம், ஒரு தேத்தண்ணிகூட இல்லை.

சனிக்கிழமை நாற்பத்தொரு கிணறும் தமிழ்ப் பெயரோடு ஒரே தாளில்! தன் கிணற்றின் கோடு மேலே ஏறிப்போவதை மார்க்கண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழும்பி, "அப்ப முதலிலை என்ரை மோட்டரை நிப்பாட்டுறன்" என்றார். அவருக்குப் பின்னால் ஏழு பேர் கையுயர்த்தினார்கள். அறுபத்தெட்டு வயசில் ஒரு மொழியைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டியவள் இந்தப் பகுதியில் வேறு ஆர் இருக்கிறாள், சொல்லு பார்ப்பம்?

ஜெயனிக்கு என் முத்தங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி. ஆண்டவர் உங்கள் இருவரையும் கைவிடாமல் வைத்திருப்பாராக.

அன்பு அக்கா,
மார்கிரட்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் டிலக்ஷி வந்து கணினியைத் திறந்து பார்த்தாள். மூன்றாம் பதிப்பு நீ தரும்போதே உள்ளே இருந்ததாம். "பைத்தன் எண்டு அடிச்சுப் பக்கத்திலை ஒரு மூண்டு போட்டிருந்தால் வந்திருக்கும் ரீச்சர்." ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் அழுதுகொண்டெல்லோ நிண்டனீங்கள்?" என்கிறாள். இருக்கட்டும். நீ தந்தது மூன்று புள்ளி ஐந்து. நான் பூட்டியது மூன்று புள்ளி பன்னிரண்டு, ஏழு படி புதியது. இதை உன் அலுவலகத்தில் சொல்லு.