புலியின் எண்ணைப் பெட்டியில் போட்ட மான்

ஒரு காட்டில் நாலாயிரம் விலங்குகளும் ஒன்பதாயிரம் ஃபோன் இணைப்புகளும் இருந்தன. இதற்குப் பெயர்தான் வளர்ச்சி என்று சிங்கம் சொன்னது. அதற்கு முன்பு யானை மட்டுமே இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தது. தாத்தா மனு போட்டால் பேரன் காலத்தில் மணி அடிக்கும். பிறகு கிளி வந்தது, வௌவால் வந்தது, நரி வந்தது. ஆற்றுத் துறையில் ஆளுக்கொரு குடையை நட்டு, தண்ணீர் குடிக்க வந்தவர்களை எல்லாம் மறித்து சிம் கொடுத்தார்கள். கிளி கட்டணத்தைப் பாதியாக்கியது. வௌவால் அதிலும் பாதி என்றது. நரி, பேசுவதே இலவசம் என்று சொல்லிவிட்டது.

அந்தக் காட்டில் அன்னக்கொடி என்ற புள்ளிமானும் பேச்சி என்ற மந்தியும் தோழிகள். அன்னக்கொடிக்குக் குட்டி பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. குட்டியை நாணல் புதருக்குள் படுக்கவைத்துவிட்டு அது எட்டப் போய் மேயும். பேச்சி மருத மரத்து உச்சியில் இருந்து பார்த்துக்கொள்ளும். புலி நாணல் பக்கம் திரும்பினால் ஒரு மிஸ்டு கால். மணி கேட்டதும் அன்னக்கொடி ஓடிவந்து குட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். எடுத்துப் பேசினால் காசு போகும் என்பதால் யானை காலம் முழுக்க ஒருவரும் எடுத்ததில்லை. அதனால்தான் அந்த மான் வம்சமே பிழைத்துக் கிடந்தது.

இருவரும் நரிக்கு மாறிய மறுநாள் காலை, புலி நாணல் பக்கம் திரும்பியது. பேச்சி ஒரு ரிங் விட்டது. கட் செய்வதற்குள் அன்னக்கொடி எடுத்துவிட்டது. இலவசம்தானே.

“சொல்லுங்கக்கா.”

பேச்சிக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. எடுத்துவிட்டவளிடம் எடுத்த எடுப்பிலேயே புலியைப் பற்றிச் சொல்வது எப்படி? காரியம் இருந்தால் மட்டும் கூப்பிடுகிறவள் என்று நினைத்துவிட்டால்?

“சாப்பிட்டியாடி?”

“இப்பத்தான்க்கா, ரெண்டு வாய். நீங்க?”

காலையில் தின்ற அத்திப்பழம் வயிற்றைப் பிசைகிறது என்றது பேச்சி. வெறும் வயிற்றில் ஏன் அத்தி தின்றீர்கள் என்று அன்னக்கொடி கடிந்துகொண்டது. அடுத்து நாத்தனாரின் கால்வலி பற்றி விசாரணை நடந்தது. அதற்குள் புலி ஓடையைத் தாண்டிவிட்டது. பேச்சி உச்சியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நடுவில் ஒரு இடம் கிடைக்க வேண்டுமே.

“வேற என்னக்கா விசேஷம்?”

“விசேஷம்னு ஒண்ணுமில்லடி. புலி வருது.”

“எங்கக்கா?”

“நாணல்கிட்ட வந்திருச்சு. உன்னைக் கூப்பிட்டப்ப தூரத்துலதான் இருந்துச்சு.”

அன்னக்கொடி பாய்ந்து ஓடியது. ஆனால் புலிக்கும் குட்டிக்கும் நடுவே நாலடிகூட இல்லை. புலி வயிற்றைத் தரையோடு ஒட்டி, மூச்சை அடக்கி, பின்னங்கால்களை ஊன்றியபோது அதன் ஃபோன் அடித்தது.

“வணக்கம் சார், கிளியில இருந்து பேசறோம். நீங்க இன்னும் யானையிலதான் இருக்கீங்களா?”

புலி வாயைத் திறப்பதற்குள் தாயும் குட்டியும் மேட்டைத் தாண்டிவிட்டன.

ஃபோனை அணைத்து வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. வேட்டை உரிமம் புதுப்பிக்க மனு போட்டிருந்தது புலி. ஓடிபி எந்த நேரமும் வரலாம். பத்து நிமிடத்தில் பதில் போடாவிட்டால் மறுபடி முதலில் இருந்து மனு.

மறுநாள் அன்னக்கொடி ஆற்றுத் துறைக்குப் போனது. அங்கே, வேட்டை உரிமத்துக்கு மனு போட்டவர்களின் பலகையில் புலியின் எண் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு குடையின் கீழும் ஒரு பரிசுப் பெட்டி. பெயரும் எண்ணும் எழுதிப் போட்டால் குலுக்கலில் மிக்ஸி. அன்னக்கொடி நிதானமாக உட்கார்ந்து, பெட்டிக்கு நாற்பது சீட்டு எழுதியது. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. இப்படி ஒரு வாடிக்கையாளரா என்று நெகிழ்ந்துபோன வௌவால் மோர் வாங்கிக் கொடுத்தது.

அன்று முதல் புலி பதுங்கிய இடமெல்லாம் மணி அடித்தது. ஒருவர் கடன் வேண்டுமா என்பார். இன்னொருவர், முதலில் பேசியவரை நம்பாதீர்கள் என்பார். போட்டி முற்ற முற்ற அழைப்பும் கூடியது. புலி ஆமையின் ஆணையத்தில் புகார் கொடுத்தது. ஆமை படிவத்தை வாங்கிக்கொண்டு, புகாரை உறுதிசெய்ய நாலு நிறுவனங்களும் தனித்தனியாகக் கூப்பிடும் என்றது.

போன வாரம்கூடப் பார்த்தேன். புதருக்குள் இருந்து, “இல்லைங்க, நான் ஆறுமுகம் இல்லை, எனக்கு மிக்ஸியும் வேண்டாம்” என்று தழுதழுத்த குரல் கேட்டது. பத்தடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த மான்குட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டது.

நீதி: நண்பர்களின் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள், எதிரிகளின் எண்ணை எல்லாப் பரிசுப் பெட்டியிலும் போடுங்கள்.